கட்டியதைக் காட்டு, கட்டிய விதத்தையும் சொல்: டெல்டா கட்டைக்காரர்களின் கொள்கைப் பிரகடனம்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை என்று காவிரிப் படுகையின் ஊர்களில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்துச் சொந்தக் கற்பனையில் கட்டிக்கொண்டிருக்கும் நாங்கள், பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம் என்பதை இதனால் அறிவிக்கிறோம். எங்களில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நெல் வியாபாரியும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வரைவாளரும், சமையலை முடித்துவிட்டு ராத்திரி உட்காரும் அம்மாக்களும் இருக்கிறார்கள். ‘லெகோ வெச்சு விளையாடுறவங்க’ என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும். பேரன் எடுக்கிற வயதில் பொம்மை எதற்கு என்று கேட்கிறவர் வீட்டு ஷோகேஸிலும் ஒரு தலையாட்டி பொம்மை இருக்கும். அதனால் அந்தக் கேள்விக்கு இங்கே வேறு பதில் எழுதப் போவதில்லை.

எங்கள் கொள்கை ஒன்றுதான். கட்டியதைக் காட்டுகிறவர் கட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். அதை யாரிடம் கற்றாரோ அவர் பெயரையும் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இதற்கு ஓர் இயக்கம் தேவையா என்றால், தேவை. கட்டைக் கட்டுமானம் நிலைப்பதில்லை. கொலுவுக்கு வைத்தது விஜயதசமி தாண்டினால் டப்பாவுக்குப் போகிறது. அடுத்த வேலைக்கு அதே கட்டைகள் வேண்டும். மிஞ்சுவது ஒரு போட்டோ. போட்டோவில் வெளிச்சுவர்தான் தெரியும். அதை உள்ளிருந்து எது தாங்கிப் பிடித்தது என்று தெரியாது. அடுத்தவர் அதையே தேடி இன்னொரு மாதம் மல்லுக்கட்டுகிறார்.

நம்மூர் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1010-இல் பணி நிறைவேறிய அந்தக் கோயிலுக்குத் தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் அங்கே இருக்கிறது. நாவிதர் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பது வரை இருக்கிறது. இவ்வளவு எழுதியவர்கள் கட்டிய முறையை மட்டும் எழுதவில்லை. உச்சிச் சிகரம் ஒரே கல்லா பல கற்களா, அதை எந்தச் சாரத்தின் வழியே ஏற்றினார்கள் என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. சாரப்பள்ளம் என்ற ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுக் கதையை இழுக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் கையில் வைத்திருக்கும் கட்டையின் கதையோ நேர்மாறு. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கும் குமிழ்க் கட்டையை இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் விற்றார். அதன் மாதிரி டென்மார்க்கில் பில்லுண்ட் ஊரிலிருந்த லெகோ நிறுவனத்தார் கைக்குப் போனது. 1949-இல் அவர்கள் தங்கள் கட்டையை இறக்கினார்கள். 1958-இல் உள்ளே குழாய் வைத்துப் பிடிப்பைக் கூட்டிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்தக் குழாய் உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. அது இல்லாவிட்டால் எங்கள் கட்டடம் ஒன்றுகூட நிற்காது. ஆனால் பேஜின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் 1957-இலேயே இறந்துபோனார். அவர் முறை உலகமெல்லாம் போயிற்று, பெயர் வழியில் விழுந்துவிட்டது. எங்கள் நடுவில் இந்த இரண்டு குறையும் இருக்கக் கூடாது.

முன்மாதிரி வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் இருக்கிறார். 1995-இல், கணினித் திரையில் கட்டைகளை அடுக்கிப் பார்க்கும் எல்டிரா என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். இரண்டே ஆண்டில், இளம் வயதிலேயே, போய்விட்டார். அவர் வகுத்த கோப்பு முறையில்தான் பொழுதுபோக்குக் கட்டைக்காரர்கள் இன்றும் தங்கள் படிப்படியான வரைபடங்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். கட்டைகளே வாங்க முடியாதவரும் திரையில் கட்டலாம் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயமல்ல.

ஏனென்றால் விலை அப்படி இருக்கிறது. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பி.ஐ.எஸ். முத்திரை இல்லாத பொம்மையை இங்கே விற்கவும் கூடாது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் வெளிநாட்டு செட் ஒன்றைத் தொடுவதற்குள் ஒரு போக நெல் விற்ற காசை எண்ண வேண்டியிருக்கிறது. ஆகவே எந்தக் கம்பெனிக் கட்டை என்று நாங்கள் யாரையும் கேட்க மாட்டோம். பழைய காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. குமிழ்க் கட்டையின் வடிவத்தை ஒரே கம்பெனியின் வணிக முத்திரையாக்க முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2005-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும் சொல்லிவிட்டன. பிடித்து நிற்கிற கட்டை எல்லாம் நமக்குக் கட்டைதான். போலிப் பெட்டியில் அசல் பெயரைப் போட்டு விற்பது வேறு. அதற்கு எங்கள் ஆதரவு இல்லை. இன்னொருவர் யோசித்துக் கட்டியதன் வரைபடத்தைத் தன் பெயரில் விற்பது அதைவிட மோசம்.

இனி வேலைக்கு வருவோம். தாஜ்மகாலுக்கு 2008-இலேயே 5,922 துண்டுகளோடு ஒரு செட் வந்துவிட்டது. பெரிய கோயிலுக்கு அப்படி வரும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. அதன் விமானம்தான் எங்கள் முதல் கூட்டு வேலை. அதைத் தொட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இடறினார்கள்: பதின்மூன்று தளமும் மேலே போகப் போகச் சுருங்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு குமிழ் என்று உள்வாங்கினால் 8 மில்லிமீட்டர் குறைகிறது. சின்ன அளவில் அது விமானமாகத் தெரியாது, படித்துறையாகத் தெரியும். இதற்கு ஜம்பர் என்ற துண்டு உதவும். பிளேட் என்னும் மெல்லிய கட்டையில், இரண்டு குமிழ் நீளத்துக்கு நடுவே ஒரே ஒரு குமிழ் இருக்கும். அதன்மேல் வைத்தால் சுவர் அரைக் குமிழ், அதாவது 4 மில்லிமீட்டர், உள்ளே போகும். முகப்பில் வரும் கூடுகளுக்கும் மாடங்களுக்கும் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கிற கட்டை வேண்டும். அங்கே ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளலாம். பிளேட்டின் கனம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து பிளேட் அடுக்கினால் 16, அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். ஐந்தைப் படுக்கப் போட்டு இரண்டில் செருகினால் இடைவெளி இல்லாமல் உட்காரும்.

சிகரம் எட்டுப் பட்டை. கட்டையோ சதுரக் கட்டத்தை விட்டு நகராது. நாலு பட்டையை நேராக வைத்து, மீதி நாலைக் கீல் துண்டுகளில் மாட்டிச் சாய்க்க வேண்டும். ஐந்து குமிழுக்கு ஐந்து குமிழ் போனால் மூலைவிட்டம் கிட்டத்தட்ட ஏழு வரும். அரை மில்லிமீட்டர் சொச்சம் இடிக்கும். அதைக் கீலின் தளர்ச்சி விழுங்கிக்கொள்ளும். இதை முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, உலகில் எங்கேயோ. பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுவோம்.

கட்டைப் பொம்மை மனிதன் 4 சென்டிமீட்டர் உயரம். அவனுக்கு ஏற்ற அளவில் கட்டினால், சுமார் 216 அடி என்று சொல்லப்படும் விமானம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும், நூற்றறுபது அடுக்குக்கு மேல் கட்டை ஏறும். அவ்வளவு கட்டை எங்களில் தனியொருவரிடம் இல்லை. எல்லோர் டப்பாவையும் கவிழ்த்தால் தேறும்.

பசை கிடையாது. கண்காட்சிக்கென்று சிலர் ஒட்டிவிடுகிறார்கள், சுலபமாகத்தான் இருக்கிறது. விமானத்தில் சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக எடையிலும் பொருத்தத்திலும் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் காலடியில் உட்கார்ந்துகொண்டு ஒட்டுவதற்கு எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. கட்டையை வளைத்து வதைத்துச் செருகுவதும் வேண்டாம். இந்த வெயிலில் அது சீக்கிரம் வெடிக்கும்.

நெட்டி வேலைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீர்நிலையில் விளையும் நெட்டித் தண்டை உரித்து, அதன் வெள்ளைச் சோற்றை வெறும் கத்தியால் சீவிப் பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் எழுப்புகிறவர்கள் அவர்கள். 2020-இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தலையாட்டி பொம்மைக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. நாங்கள் அவர்களுக்குப் போட்டியில்லை, அவர்கள் முன்னால் கத்துக்குட்டிகள். ஆனால் விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களின் கையில் மட்டும் ஒரு வேலை தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அவர்களுக்கு அது பிழைப்பு. சூட்சுமத்தைக் காக்க அவர்களுக்கு நியாயம் உண்டு. பொழுதுபோக்குக்குக் கட்டுகிற நமக்கு அந்த நியாயம் கிடையாது.

கோயிலோடு நிற்க வேண்டியதில்லை. வளைந்து கிடக்கும் கல்லணை, ஆழித்தேரும் அதைத் திருப்பும் முட்டுக்கட்டையும், முற்றம் வைத்த ஓட்டு வீடு, மதகு, நெல் காயும் களம், அரவை மில்லின் புகைபோக்கி என்று எந்தப் பெட்டியிலும் வராதவை இங்கே எவ்வளவோ கிடக்கின்றன. நாட்டு ஓட்டின் சரிவை எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்தால் அறுபது வயதுக்காரர் அவரிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். இதில் சிரமம் இருக்கிறவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

தலைவர், செயலாளர், சந்தா எதுவும் இல்லை. இயக்கத்துக்குப் பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. வைத்தால் அதற்கு ஒரு சண்டை வரும்.

வருகிற நவராத்திரிக்கு உங்கள் கொலுப் படியில் கட்டைக் கட்டுமானம் ஏதாவது வைப்பீர்களானால், பக்கத்திலே ஒரு தாள் வையுங்கள். உள்ளே எது தாங்குகிறது, எந்த இடத்தில் சிக்கியது, எப்படி அவிழ்ந்தது, யாரிடம் கற்றது என்று தமிழில் எழுதுங்கள். கலைப்பதற்கு முன்னால் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். சுண்டல் வாங்க வருகிற பிள்ளை அந்தத் தாளைப் படமெடுத்துக்கொள்ளக் கேட்டால் மறுக்காதீர்கள்.