கணினி 'இல்லை' என்றால் யாரிடம் போவது?



அரசாங்க வேலையெல்லாம் இனிக் கணினியில் என்கிறார்கள். 2025 பெப்ரவரி 7ஆம் திகதி 'கவ்பே' தொடங்கியது. அரசுக்குக் கட்டும் பணத்தைக் கைபேசியிலேயே கட்ட வழி வந்தது. டிஜிட்டல் அடையாள அட்டையும் வரப்போகிறது. இதை நாம் எதிர்க்கவில்லை. ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் பேரை இழந்து கச்சேரிக்கு அலைந்தவர்கள் நாம்தானே!

2022ஐ நினைத்துப் பாருங்கள். 99 எண்ணெய்க் குதங்கள் கட்டப்பட்ட இந்தத் திருகோணமலையிலும் எரிபொருளுக்கு வரிசை. யூலையில் கியூஆர் முறை வந்த பின் வரிசை குறைந்தது. வாகனங்களுக்கு ஏற்கெனவே பதிவேடு இருந்ததால் அது முடிந்தது.

2023இல் வந்த அஸ்வெசும அப்படி அமையவில்லை. வறுமையைப் புள்ளி போட்டுக் கணித்தார்கள். மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. வாகனத்துக்கு இருந்த பதிவேடு ஏழைக் குடும்பத்துக்கு இல்லை.

நம் நிலை இன்னும் மோசம். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து இம்மாவட்டத்துக்கு வந்து குடியேறியவர்களில் பலர் கையில் தாளே இல்லாமல் வந்தவர்கள். முன்னோர் இங்கே பிறந்ததைத் தாளில் காட்ட முடியாததால்தான் 1948இல் நம்மவர் நாடற்றவரானார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போராட வேண்டியிருந்தது. அன்று தாள் செய்ததை நாளை கணினி செய்யக்கூடாது.

ஆகவே மாவட்டச் செயலாளரிடமும், 11 பிரதேச செயலாளர்களிடமும், கொழும்பில் திட்டம் தீட்டும் மேலதிகாரிகளிடமும் சொல்கிறோம்: இயந்திரம் வாங்குவது மட்டும் தலைமை அல்ல. முதலில் பதிவேட்டைத் திருத்துங்கள். நடமாடும் சேவையை நம் குடியிருப்புகளுக்கே, வேலையில்லாத நாளில் அனுப்புங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்கிறது அரசியலமைப்பு. அது கணினித் திரையிலும் தெரியட்டும். கணினி 'இல்லை' என்றால், விசாரித்து அதை மாற்றும் அதிகாரமுள்ள ஓர் உத்தியோகத்தரை ஒவ்வொரு செயலகத்திலும் அமர்த்துங்கள். பதில் சொல்ல மனிதர் வேண்டும்.

அங்கத்தவர்களே, இன்றே பெட்டியைத் திறந்து சான்றிதழ்களைப் பாருங்கள். பெயரிலோ திகதியிலோ பிழை இருந்தால் சங்கக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். பிழையோடு கணினியில் ஏறுமுன் திருத்திக்கொள்வோம்.