குளியலறை ஈரமும் ஏலக்காய் ஸ்டோரும்

மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலை நாலரை மணிக்கே வெந்நீரில் நீராடிவிட்டு, எங்கள் ஊர்ப் பரமசிவன் மலைக் கோயிலுக்குப் புறப்படுவது அடியேனின் வழக்கம். எனக்குப் பின் என் மனைவி நீராடுவார். சென்ற மார்கழியில் அவர் குளியலறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருக்க நேர்ந்தது. இத்தனைக்கும் அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது ஓடிக்கொண்டும் இருந்தது.

நலம் விசாரிக்க வந்த என் மைத்துனர் மலையில் ஏலக்காய் ஸ்டோர் வைத்திருப்பவர். குளியலறையை எட்டிப் பார்த்தவர், "மாப்பிள்ளை, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்து இறுக்கி வைத்திருக்கிறீர்களே, காற்று எங்கிருந்து வரும்?" என்றார்.

பறித்த பச்சை ஏலக்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரம். அதை ஸ்டோரில் ஐம்பது டிகிரி அளவு சூட்டில் வைத்துப் பத்துப் பங்கு ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். சூடு மட்டும் போதாது. ஈரக்காற்றை வெளியேற்றி, அதன் இடத்தில் புதுக்காற்றை விட வேண்டும். ஈரக்காற்று உள்ளேயே நின்றால் காயின் பச்சை நிறம் போய்விடும். ஏலத்தில் விலையும் போய்விடும். ஆகவே மலைக்காரர்களுக்கு இது பால பாடம். வங்கியில் வரவு, செலவு பார்த்தே தலை நரைத்த எனக்குத்தான், வரவில்லாமல் செலவெழுத முடியாது என்பது இங்கே தோன்றவில்லை.

அவர் ஓர் ஊதுபத்தியை ஏற்றிக் கதவடியில் பிடிக்கச் சொன்னார். புகை அசையவில்லை. ஃபேனுக்குப் பக்கத்தில் திறந்திருந்த வென்டிலேட்டர் கண்ணாடி அருகே பிடித்தால், புகை நேரே ஃபேனுக்குள் ஓடியது. வெளிக்காற்றே அங்கு நுழைந்து அங்கேயே வெளியேறிக்கொண்டிருந்தது. தரையின் ஈரத்தை அது தொடவே இல்லை. பட்டையைக் கழற்றினோம். கதவின் அடியை முக்கால் அங்குலம் அறுத்தோம். ஃபேனை ஒட்டிய கண்ணாடிகளை அடைத்தோம். செலவு ஒரு தச்சரின் அரைநாள் கூலிதான். பி.வி.சி. கதவாக இருந்தால் அறுக்காமல், கீழ்ப்பகுதியில் சிறு ஜாலி வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குவோர் பெரிய ஃபேனுக்கு ஆசைப்பட வேண்டாம். ஆறடிக்கு ஐந்தடி, ஒன்பதடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு ஏறக்குறைய எட்டுக் கன மீட்டர். மணிக்குப் பத்து முறை காற்று மாறினாலும் 80 கன மீட்டரே தேவை. பெட்டியின் மேல் இந்த அளவு அச்சிட்டிருக்கும். இத்தகைய அறைக்கு ஆறு அங்குல ஃபேன் தாராளம். கதவுக்கு எதிர்ச்சுவரில், கூரையை ஒட்டி, வெளிவெளியைப் பார்த்து வைக்க வேண்டும். மாடிப்படிக்கோ பரணுக்கோ ஈரத்தைத் தள்ளக் கூடாது. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். எர்த் கம்பி கட்டாயம். நீராடி முடித்தபின்னும் இருபது நிமிடம் ஓடவிடுங்கள்.

ஃபேன் ஓடியும் காற்றை இழுக்கவில்லையெனில், வெளிப்புற ஷட்டர் அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். உறுமல் கேட்டும் சுழலாவிட்டால், கெப்பாசிட்டர் போயிருக்கலாம் அல்லது தண்டு இறுகியிருக்கலாம். பழுதுபார்த்து வந்தபின் காற்று உள்ளே வீசினால், இணைப்பு மாறிச் சுழற்சி தலைகீழாகியிருக்கும். இவற்றையெல்லாம் எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். நம் வயதில் துடைப்பதற்காகக்கூட ஸ்டூல் மேல் ஏற வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால், ஃபேன் இருக்கிறதே என்று நம்பியிராதீர்கள். எரிவாயு சரியாக எரியாதபோது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நீராடுபவர் உணருமுன் மயங்கிவிடுவார். அடைத்த அறையில் ஃபேன் ஓடினால் புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய புகையை உள்ளுக்கே இழுத்துவிடவும் கூடும். கீசரைக் காற்றோட்டமுள்ள வெளிச்சுவருக்கு மாற்றுவதே வழி. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் சொல்லிச் சொல்லி மாற்றவைத்தேன். மூன்றாம் வீட்டாரிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மார்கழியில் நான் நீராடி அரைமணி கழித்து மனைவி உள்ளே செல்கிறார்; தரையில் கால் பதிகிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பியும் வேண்டும் என்கிறார். அதை எந்த உயரத்தில் பொருத்துவது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.