அடுப்பு வேண்டாம்... மக்ரூன் போதும்!



ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டைப் பார்த்திருக்கீங்களா? 'அறையில் சமைக்கக் கூடாது'னு ஒரு வரி கட்டாயம் இருக்கும். 'மின்சார அடுப்பு பறிமுதல் செய்யப்படும்'னு அடுத்த வரி மிரட்டும். ஆனா எந்த போர்டுலயாவது 'கரண்டி வெச்சுக் கலக்கக் கூடாது'னு எழுதியிருக்காங்களா? இல்லைல்ல! அந்தச் சின்ன ஓட்டை வழியாத்தான் இந்த வாரம் நாம இத்தாலிக்குப் போறோம். விசா வேண்டாம். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரி வரைக்கும் நடந்தா போதும்!

இந்த வார அயிட்டம்... மாம்பழ டிராமிசு!

பெரிய காபி ஷாப் மெனு கார்டுல கடைசிப் பக்கத்துல இருக்குமே, விலையைப் பார்த்ததும் 'எனக்கு வெறும் காபி போதும்'னு நாம மூடி வெச்சுடுவோமே... அதே டிராமிசுதான்.

தூக்கி நிறுத்து!

'டிராமிசு'ன்னா இத்தாலி மொழியில 'என்னைத் தூக்கி நிறுத்து'னு அர்த்தம். வெனிஸுக்குப் பக்கத்துல ட்ரெவிசோனு ஒரு ஊர். அங்கே 'லே பெக்கெரியே'ங்கிற ரெஸ்டாரன்ட்டை நடத்தின அடோ கம்பியோல், அவர் மனைவி ஆல்பா, அங்கே வேலை பார்த்த ராபர்ட்டோ லிங்குவானோட்டோ... இவங்க கையிலதான் 1970-களின் ஆரம்பத்துல இது பிறந்ததுனு பரவலா சொல்றாங்க. பக்கத்துல இருக்கிற ஃப்ரியூலி பகுதிக்காரங்க சும்மா இருப்பாங்களா? 'அது எங்க ஊர் இனிப்பு'னு மல்லுக்கு நின்னு, 2017-ல இத்தாலி அரசோட பாரம்பரிய உணவுப் பட்டியல்ல தங்க பேர்லயே பதிய வெச்சுட்டாங்க. அல்வாவுக்கும் அரியரின் விடைத்தாளுக்கும் மட்டும்தான் சண்டைனு நினைச்சோம்!

விஷயம் ரொம்ப சிம்பிள். விரல் நீளத்துக்கு 'சவோயார்டி'னு ஒரு லேசான பிஸ்கட். அதை ஸ்ட்ராங் காபியில முக்கி அடுக்கணும். மஞ்சள்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடிச்சு, 'மஸ்கார்போனே'ங்கிற க்ரீம் மாதிரியான சீஸோட கலந்து மேலே பரப்பணும். திரும்ப பிஸ்கட், திரும்ப க்ரீம். கடைசியா கோகோ பவுடர். ஃப்ரிட்ஜ்ல வெச்சா முடிஞ்சது. ஓவனே தேவையில்லை.

இருங்க இருங்க... ஓவனே தேவையில்லையா? அப்ப அந்த பிஸ்கட்டை யாரு சுட்டது?

அதுதான் பாயின்ட். 'நோ பேக்'னு சொல்ற இந்த மாதிரி இனிப்புக்கெல்லாம் முன்னாடியே யாரோ ஒருத்தர் நெருப்புக்குப் பக்கத்துல நின்னு வேலையை முடிச்சிருக்கார். நாம செய்யறது அடுக்கற வேலை மட்டும். ட்ரெவிசோவுலயும் இதே கதைதான். அதனால டிராமிசு செய்ய நமக்கு முதல்ல வேண்டியது மஸ்கார்போனே இல்ல, ஒரு நல்ல பேக்கரி. அந்த விஷயத்துல தூத்துக்குடிக்காரங்க கோடீஸ்வரங்க!

ஒரே முட்டை, ரெண்டு ஊர்

மக்ரூனை நமக்கு அறிமுகம் செய்யணுமா என்ன? சென்னை போற முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறுற பாதிப் பேர் கையில இருக்கிற பார்சல் அதுதானே! ஆனா வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்குக் கொடுத்து அனுப்புற அயிட்டமாவே பார்த்துப் பார்த்து, அது எவ்வளவு பெரிய வித்தைனு நாம மறந்துட்டோம்.

சேர்மானம் மூணே மூணு. முந்திரி, சர்க்கரை, முட்டையோட வெள்ளைக்கரு. மைதா இல்ல, வெண்ணெய் இல்ல. வெள்ளைக்கருவை சர்க்கரையோட சேர்த்து, பனி மாதிரி நிக்குற வரைக்கும் அடிக்கணும். முந்திரிப் பொடியை நுரை உடையாம கலக்கணும். கூம்பு கூம்பா சுழிச்சு வெச்சு, சூடு குறைவான ஓவன்ல மணிக்கணக்கா காய விடணும். சூடு கூடினா நிறம் மாறிடும். குறைஞ்சா உள்ளே பிசுபிசுன்னு நிக்கும். அந்த வெள்ளை நிறமும் வாயில போட்டதும் கரையுற பக்குவமும் ஓவன் பக்கத்துல நிக்கிறவரோட பொறுமைக்குக் கிடைச்ச மார்க்!

இது போர்ச்சுகீசியர் வழியா வந்ததுனு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. 1530-கள்ல முத்துக்காக இந்தக் கரைக்கு வந்தவங்க, 1658-ல டச்சுக்காரங்ககிட்ட தூத்துக்குடியை விடுற வரைக்கும் இங்கேதான் இருந்தாங்க. நம்ம அண்டிப்பருப்பும் அவங்க பிரேசில்ல இருந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்ததுதான். ஐரோப்பாவுல பாதாம் போட்டுச் செய்யற பண்டத்துல இங்கே முந்திரி உட்கார்ந்துடுச்சு. 'மக்ரூன்'ங்கிற பேரு இருக்கே, அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த இத்தாலி வார்த்தை. ஆக, பேரளவுல இத்தாலி ஏற்கெனவே நம்ம ஊர்லதான் குடியிருக்கு!

இன்னொரு சுவாரஸ்யம் கவனிச்சீங்களா? மக்ரூனுக்கு வெள்ளைக்கரு மட்டும்தான் வேணும். டிராமிசுவுக்கு முக்கியமா மஞ்சள்கரு. ஒரே முட்டையோட ரெண்டு பாதி, ரெண்டு ஊர்ல ரெண்டு இனிப்பாயிடுச்சு. இன்னிக்கு அந்த ரெண்டையும் ஒரே டம்ளர்ல சந்திக்க வைக்கப் போறோம்.

காபிக்குப் பதிலா? சுக்கு போட்ட கருப்பட்டித் தண்ணி! பிள்ளை பெத்தவங்களுக்கும், மழையில நனைஞ்சு வந்தவங்களுக்கும் நம்ம பாட்டிங்க கொடுக்கிறது சுக்கும் கருப்பட்டியும்தானே? நம்ம ஊரோட 'தூக்கி நிறுத்து' அதுதான். உடன்குடிக் கருப்பட்டி 2023-ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. மாம்பழத்துக்கும் சுக்குக்கும் ஜோடிப் பொருத்தம் பிரமாதமா இருக்கும்.

தேவையானவை (6 பேருக்கு)

தயிர் - 1 லிட்டர் (புளிக்காதது)
ஃப்ரெஷ் க்ரீம் - 200 மில்லி
மில்க்மெய்ட் - 4 டேபிள்ஸ்பூன்
நல்லா பழுத்த மாம்பழம் - 3
ரஸ்க் - 12
மக்ரூன் - 200 கிராம்
கருப்பட்டி - 100 கிராம்
சுக்குப் பொடி - அரை டீஸ்பூன்
எலுமிச்சம்பழம் - பாதி
உப்பு - ஒரு சிட்டிகை (தூத்துக்குடியில இதுக்குமா கடைக்குப் போகணும்?)

செய்முறை

1. முதல் நாள் ராத்திரி தயிரை சுத்தமான மெல்லிய துணியில கொட்டி மூட்டையா கட்டுங்க. வடிகட்டி மேல வெச்சு, கீழே ஒரு பாத்திரம் வெச்சு ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுங்க. ஜன்னல் கம்பியில தொங்க விடுற வேலை வேண்டாம். நம்ம ஊர் வெக்கைக்குக் காலையில மோர்க்குழம்புக்குத்தான் ஆகும். மெஸ் அண்ணன்கிட்ட நைஸா பேசி ஃப்ரிட்ஜ்ல இடம் பிடிங்க. 8 மணி நேரத்துல தயிர் கெட்டியா சீஸ் மாதிரி நிக்கும். வடிஞ்ச தண்ணியைக் கொட்டாதீங்க, உப்பும் எலுமிச்சையும் சேர்த்தா ஜில்லுனு ஒரு பானம்.

2. கருப்பட்டியைத் தட்டி நொறுக்கி, மெஸ்ல வாங்கின கொதிக்கிற தண்ணி 1 டம்ளர் ஊத்திக் கரைங்க. கெட்டில்ல கருப்பட்டியைப் போடவே போடாதீங்க, அடியில பிடிச்சா கெட்டில் காலி! கரைஞ்சதும் கட்டாயம் வடிகட்டணும். கருப்பட்டியில மண் இருக்கும். சுக்குப் பொடி சேர்த்து நல்லா ஆற விடுங்க. ஆறினப்புறம் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

3. ரெண்டு மாம்பழத்தைப் பிசைஞ்சு கூழாக்குங்க. மூணாவதைச் சின்னச் சின்னத் துண்டா நறுக்கி ஜில்லுனு வைங்க.

4. கெட்டித் தயிரோட ஃப்ரெஷ் க்ரீம், மில்க்மெய்ட், உப்பு சேர்த்துக் கட்டியில்லாம கலக்குங்க. ருசி பார்க்கும்போது 'இனிப்பு கம்மியா இருக்கே'னு தோணும். தோணட்டும்! மக்ரூன் வந்து மீதியைப் பார்த்துக்கும்.

5. ஒரு டப்பாவுல (ஆளுக்கொரு டம்ளர்னாலும் சரி) ரஸ்க்கைக் கருப்பட்டித் தண்ணியில முக்கி, ஒண்ணு ரெண்டு மூணு எண்றதுக்குள்ள எடுத்து அடுக்குங்க. ஊற விட்டா கஞ்சியாயிடும். மேலே பாதி க்ரீம். அதுமேல மாம்பழக் கூழ் மொத்தமும். பாதி மக்ரூனை நொறுக்கித் தூவுங்க. திரும்ப ஒரு அடுக்கு ரஸ்க். மீதி க்ரீம்.

6. மூடி போட்டு 6 மணி நேரம் ஃப்ரிட்ஜ். அவசரப்பட்டுத் திறந்தா அது டிராமிசு இல்ல, தயிர் ரஸ்க்!

7. பரிமாறப் போற நிமிஷத்துல மட்டும் மாம்பழத் துண்டும் மீதி மக்ரூனும் மேலே.

ஏன் மக்ரூனை முக்கலை?

'மக்ரூனையே கருப்பட்டித் தண்ணியில முக்கினா என்ன'னு கேக்கறீங்களா? ரஸ்க்ல மாவு இருக்கு. தண்ணியை இழுத்துக்கிட்டு உருவத்தை விடாம நிக்கும். மக்ரூன் மொத்தமும் சர்க்கரையும் காத்தும்தான். தண்ணி பட்டதும் கரைஞ்சு ஓடிடும். பாக்கெட்டைப் பிரிச்சு வெச்சா கடல்காத்துக்கே நமத்துப் போற ஆளு அது! அதனால நடுவுல போட்டது கரைஞ்சு முந்திரி வாசனையா க்ரீமோட கலந்துடும். மேலே போட்டது கடைசி நிமிஷத்துல விழறதால மொறுமொறுன்னு நிக்கும். ஒரே மக்ரூன், டபுள் ஆக்‌ஷன்!

கொஞ்சம் சீரியஸா...

மஞ்சள்கருவை ஏன் விட்டோம்? ஒரிஜினல்ல அது பச்சையாவே போகும். பச்சை முட்டையில சால்மோனெல்லாங்கிற கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. நோ பேக்னா அதைக் கொல்ற சூடும் கிடையாது. கரன்ட் போய்ப் போய் வர்ற ஃப்ரிட்ஜ்ல, பரீட்சை சமயத்துல, அந்த ரிஸ்க் நமக்கு எதுக்கு? தயிரே போதும்.

அப்புறம், மக்ரூன்ல முட்டை இருக்குங்கிறது நிறையப் பேருக்குத் தெரியாது. பேக்கரி ஸ்வீட்தானேனு நினைச்சுப்பாங்க. முட்டை சாப்பிடாத ரூம்மேட், முந்திரி ஒத்துக்காத ஃப்ரெண்ட்... இவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. அவங்களுக்கு மக்ரூன் இல்லாம, முந்திரி இல்லாம, ஒரு டம்ளர் தனியா அடுக்கிட்டா போச்சு. ரஸ்க் பாக்கெட்ல என்ன எழுதியிருக்குனும் ஒரு பார்வை பார்த்துடுங்க. சாப்பிட்டதுக்கு அப்புறம் சொல்றது ஜோக் இல்ல மக்கா.

மாம்பழ சீசன் முடிஞ்சா?

பனிமய மாதா கோயில் திருவிழா நடக்கிற ஆகஸ்ட் 5-க்கு அப்புறம் நல்ல மாம்பழம் குறைய ஆரம்பிச்சுடும். கவலை வேண்டாம். சப்போட்டா கருப்பட்டியோட ஒட்டி உறவாடும். வாழைப்பழம் போட்டா கறுக்காம இருக்க எலுமிச்சை தடவுங்க. நுங்கு கிடைச்சா மேலே மட்டும், அதுவும் கடைசியா. தண்ணி விடும். அன்னாசியைப் பச்சையா போடாதீங்க! அதுல இருக்கிற புரோமிலெய்ன்ங்கிற என்சைம் பால் புரதத்தைச் சிதைச்சு க்ரீமைக் கசக்க வெச்சுடும். வேக வெச்சு ஆறப் போட்டா அந்த வம்பு இல்ல. ஹாஸ்டல்ல அதுக்கு வழியில்லைனா டின்ல வர்ற அன்னாசி ஓகே. அது ஏற்கெனவே சூடு பார்த்தது.

ஸ்டால் போடறீங்களா?

கல்ச்சுரல்ஸ் சமயத்துல வ.உ.சி. காலேஜ், செயின்ட் மேரீஸ், காமராஜ், மீன்வளக் கல்லூரினு எங்கே ஃபுட் ஸ்டால் போட்டாலும் இதைத் தைரியமா வைக்கலாம். சின்னக் கப்புல அடுக்கி, ஐஸ் பெட்டியில வெச்சு வித்தா போதும். 'தூத்துக்குடி டிராமிசு'னு போர்டு எழுதுவீங்க இல்லையா? அதுக்குக் கீழே ரெண்டு வரிக்கு இடம் விடுங்க. ஒரு வரியில 'முட்டை, முந்திரி உண்டு'. இன்னொரு வரியில மக்ரூன் வாங்கின பேக்கரி பேரு.

ஏன்னா இந்தக் கப்புல நமக்கு 20 நிமிஷ வேலை. அவங்களுக்கு ஒரு ராத்திரி வேலை. காபி ஷாப்ல கப்புக்குக் கேக்கற விலையை மறுபேச்சில்லாம கொடுக்கிற நாமதான், மக்ரூன் கிலோ விலையைக் கேட்டதும் 'என்ன அண்ணாச்சி, இவ்வளவு சொல்றீங்க?'னு இழுக்கறோம். முந்திரி விலையையும், ஓவன் முன்னாடி நிக்கிற அந்த மணி நேரங்களையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க. பேரம் பேச வாய் வராது.

முத்துக்குளிப்பு 1961-க்கு அப்புறம் இந்தக் கரையில நடக்கல. ஊருக்குப் பேர் மட்டும் முத்து நகரம்தான். இப்ப வெளியூர்க்காரங்க இங்கே வந்து தேடி வாங்கிட்டுப் போற வெள்ளைப் பொருள் கண்ணாடி ஜாடியில, ரொட்டிக்கும் மிக்சருக்கும் நடுவுல இருக்கு. கால் கிலோ வாங்குங்க. 200 கிராம் டிராமிசுக்கு... மீதி 50 கிராம் ஹாஸ்டல் வந்து சேராது. அது எங்களுக்கும் தெரியும்!

அடுத்த வாரம்: மெஸ்ல மிஞ்சின சப்பாத்திக்கு மறுபிறவி. அது வரைக்கும்... ஃப்ரிட்ஜ் கதவைச் சும்மா சும்மா திறக்காதீங்க!