எக்ஸோஸைக் காதால் வாங்காதீர்கள்

தஞ்சோங் மாலிமைத் தாண்டி சிலிம் ரிவர் போகும் பழைய சாலையில், கடந்த செமஸ்டர் விடுமுறையின் முதல் நாள், என் வெஸ்பாவின் பின்சக்கரம் திடீரென்று சுற்றுவதை நிறுத்தியது. வண்டி அப்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லோரி. “டூ ஸ்ட்ரோக் ஓட்டும்போது இரண்டு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கணும்” என்று தாத்தா சிறு வயதில் சொன்னது மட்டும் கைக்கு நினைவிருந்தது போலும். கிளட்சை அழுத்தினேன். சக்கரம் விடுபட்டது. புல்தரையில் ஏறி நின்றேன். லோரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

இஞ்சின் ஜாம். காரணம் பழைய வண்டியும் இல்லை, மட்டமான எண்ணெயும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் நான் ஆசை ஆசையாய் வாங்கி மாட்டிய எக்ஸோஸ்தான். சரியாகச் சொன்னால், அதைத் தேர்ந்தெடுத்த என் மூளை.

புகைபோக்கிக் குழாய் என்று எழுதுவதுதான் நல்ல தமிழ். ஆனால் பட்டறையில் அப்படிக் கேட்டால் வீட்டுச் சமையலறைக்கா என்று கேட்பார்கள். எனவே எக்ஸோஸ் என்றே எழுதுகிறேன்.

வண்டி தாத்தாவுடையது. வெஸ்பா பிஎக்ஸ் 150. ஈப்போ, புந்தோங்கில் அந்த வண்டியின் முன்பலகையில் நின்றுகொண்டுதான் நான் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். அவர் காலமான பிறகு அது என் கைக்கு வந்தது. விடுமுறை வேலையில் சேர்த்த பணத்தில் 177 சிசி கிட் போட்டேன். மூல சிலிண்டரின் விட்டம் 57.8 மில்லிமீட்டர், கிட்டில் 63. ஸ்ட்ரோக் அதே 57தான். எட்டு, ஒன்பது குதிரைத்திறனோடு மூச்சு வாங்கிய வண்டி, கம்பார் மேட்டில் கியரை இறக்காமல் ஏறத் தொடங்கியது. அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் டிக்டாக்கில் ஒரு காணொளி. பளபளவென்று வளைந்து, நடுவில் வயிறு பெருத்து, வால் சிறுத்த ஓர் எக்ஸ்பேன்ஷன் சேம்பர். அதன் சத்தம் எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆயிரத்து இருநூறு ரிங்கிட் கொடுத்தேன். விற்றவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “குரோமா, கறுப்பா?”

நான் படிப்பது கணக்கியல். ஆனாலும் ஜாமான பிறகு, நான்காம் படிவ இயற்பியல் புத்தகத்தை மறுபடியும் தேடி எடுத்தேன். ‘கெலோம்பாங்’ என்று மலாயில் மனப்பாடம் செய்த அதே அலைகள் பாடம். தண்ணீர்த் தொட்டியில் அலை சுவரில் மோதித் திரும்புவதை வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது எதற்குப் பயன்படும் என்று அன்று நான் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை.

டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் எக்ஸோஸ் வாசலுக்குத் தனியாக வால்வு கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது வாசல் திறக்கிறது, ஏறும்போது மூடுகிறது. எரிந்த புகை வெளியேறும் அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே நுழைகிறது. அதில் கொஞ்சம் புகையோடு சேர்ந்து ஓடியும் விடுகிறது. நம் பணம் அப்படியே குழாய் வழியாகப் போகிறது. எக்ஸ்பேன்ஷனின் வேலை இதைத் திருத்துவதுதான். விரிந்து போகும் கூம்பு ஓர் உறிஞ்சும் அலையைத் திருப்பி அனுப்பி, மிச்சப் புகையை வெளியே இழுக்கிறது. அடுத்து வரும் சுருங்கும் கூம்பு ஓர் அழுத்த அலையைத் திருப்பி அனுப்புகிறது. வாசல் மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், ஓடிப்போன கலவையை மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும்.

‘சற்று முன்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கால்குலேட்டரை எடுங்கள். என் சிலிண்டரில் எக்ஸோஸ் வாசல் ஏறக்குறைய 170 பாகை திறந்திருக்கிறது. 7000 சுற்றில் அந்த 170 பாகை கடக்க 4 மில்லி விநாடி ஆகும். சூடான புகையில் அலை விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், 4 மில்லி விநாடியில் போய்வர 2 மீட்டர். அப்படியென்றால் அலை திரும்பும் இடம் வாசலிலிருந்து சுமார் 1 மீட்டரில் இருக்க வேண்டும். குழாயின் நீளம் இப்படித்தான் பிறக்கிறது.

இப்போது அதே குழாயோடு செர்டாங் நெரிசலில் 4000 சுற்றில் போங்கள். வாசல் 7 மில்லி விநாடி திறந்திருக்கும். அலையோ பழையபடி 4லேயே வந்து நிற்கும். வாசல் அகலத் திறந்திருக்கும்போது வந்து, வெளியே போக வேண்டிய புகையை உள்ளே தள்ளும். வண்டி இழுக்காது, திணறும். மேலே உதவிய அதே குழாய் கீழே இஞ்சினின் கழுத்தைப் பிடிக்கிறது. நான் வாங்கியதோ 8000க்கும் மேல் சுற்றும் பந்தய சிலிண்டருக்கான குழாய். அத்தகைய சிலிண்டர்களில் வாசல் 190 பாகையைத் தாண்டித் திறந்திருப்பதும் உண்டு. என் 170க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் கூம்புகளின் வரலாறு ஓர் உளவுக் கதை போன்றது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் இதை அளந்து அளந்து வளர்த்தார். 1961இல் அவருடைய 125 சிசி இஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. அதே ஆண்டு அவர்களின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பியோடி, தெரிந்ததையெல்லாம் சுசுகியிடம் கொண்டுசேர்த்தார். 1962இல் சுசுகிக்காக 50 சிசி உலகப் பட்டத்தையும் வென்றார். அந்தப் பந்தய இஞ்சின்களில் சக்தி கிடைக்கும் சுற்று எல்லை மிகக் குறுகலானது. அதற்காகவே அவற்றுக்கு நெருக்கமான பல கியர்கள் தேவைப்பட்டன.

நம் பிஎக்ஸில் இருப்பது நான்கே கியர். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் பெரிய பள்ளம். மூன்றாம் கியரில் கத்த விட்டு நான்குக்கு மாற்றினால் சுற்று ஆயிரத்துக்கும் மேல் விழும். எக்ஸ்பேன்ஷன் வேலை செய்யும் எல்லைக்குக் கீழே போய்விட்டால், நான்காம் கியரில் வண்டி செத்த பாம்பு. என் வண்டி அப்படித்தான் ஆனது. மூன்றில் ராஜா, நான்கில் சைக்கிள்காரன்கூட முந்துவான் போலிருந்தது. ஆனாலும் மூன்று வாரம் நண்பர்களிடம் “செம்ம வேகம்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொடுத்த பணம் அப்படிச் சொல்ல வைக்கும்.

ஜாமானது ஏன் என்பதைப் பட்டறை அண்ணன் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

“எக்ஸோஸ் மாத்துனியே தம்பி, ஜெட்டு மாத்துனியா?”

“இல்லைண்ணே.”

“அப்ப இஞ்சின் பட்டினிதான் கிடக்கும்.”

புதிய குழாய் மேல் சுற்றில் காற்றை அதிகம் இழுக்கிறது. கார்ப்பரேட்டரின் மெயின் ஜெட் பழைய அளவிலேயே இருந்ததால் அதற்கேற்ற பெட்ரோல் போகவில்லை. கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பழுப்பாக இருக்க வேண்டிய நுனி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. இரும்பு சிலிண்டர் என்பதால் ஒட்டிய அலுமினியத்தை எடுத்து ஹோனிங் செய்து காப்பாற்றினார். பிஸ்டனும் ரிங்கும் புதிது. இன்னொரு மாதச் சம்பளம் போனது.

என் தரப்பு இதுதான். கல்லூரிக்கும் ஊருக்கும் ஓட்டும் மாணவனின் வெஸ்பாவுக்கு, 177 போன்ற மிதமான கிட் போட்டிருந்தால், வேண்டியது பாக்ஸ் எக்ஸோஸ். வெளியிலிருந்து பார்த்தால் கம்பெனி எக்ஸோஸ் போலவே ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே அறைகளும் குழாய்களும் மாற்றப்பட்டிருக்கும். உச்ச சக்தி எக்ஸ்பேன்ஷனைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கீழிருந்தே இழுக்கும், நான்காம் கியரில் கைவிடாது. வாசல் நேரத்தை உயர்த்தி, கிராங்க், கார்ப்பரேட்டர் எல்லாம் மாற்றிய இஞ்சினுக்குப் பெட்டி மூச்சடைக்கும் என்று நண்பன் வாதிடுகிறான். உண்மை. அப்படி ஓர் இஞ்சின் கட்டியவர் பாகை வட்டை ஃபிளைவீலில் மாட்டி அளந்திருப்பார். அவருக்கு என் கட்டுரை தேவையில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டிய அற்ப விஷயங்களும் உண்டு, அவை அற்பமே இல்லை. அந்தக் குழாயோடு ஸ்டாண்டு போட முடிகிறதா? இடப்பக்கம் வளைந்து வந்தால் ஸ்பேர் டயருக்கு இடம் இருக்கிறதா? மழையில் பின்டயர் பஞ்சரானால் எக்ஸோஸைக் கழற்றாமல் சக்கரத்தை எடுக்க முடியுமா?

சத்தத்துக்கு வருகிறேன். “சத்தம் கேட்டால்தான் கார்க்காரன் விலகுவான்” என்று நம்மில் பலர் சொல்கிறோம். குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது, குறுக்கே திரும்பும் கார் முன்னால் இருக்கிறது. முன்னால் இருப்பவர் நம்மைப் பார்க்கத்தான் 1992 முதல் இந்நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கு போடுகின்றன. வாகன இரைச்சலுக்கென்றே 1987ஆம் ஆண்டு விதிமுறைகளும் இருக்கின்றன. சாலைத் தடுப்பில் நிறுத்தும் அதிகாரியிடம் காடன் வரலாறு எடுபடாது.

ஆனால் என்னை வெட்கப்பட வைத்தது சம்மன் பயம் இல்லை. செர்டாங் வாடகை வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தாதி. இரவு வேலை முடித்துக் காலையில்தான் தூங்குவார். நான் எட்டு மணி வகுப்புக்குக் கிளம்பும் நேரம் அது. ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. வண்டி பட்டறையில் கிடந்த வாரத்தில் அவர் கணவர் வேலியோரம் கேட்டார், “மோட்டார் என்ன ஆச்சு? இந்த வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள்.” அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே நலம்தான் விசாரித்தார்.

இப்போது என் வண்டியில் பாக்ஸ் எக்ஸோஸ், அண்ணன் பார்த்துப் போட்ட பெரிய ஜெட், பழுப்பு நிற பிளக். எக்ஸ்பேன்ஷன் புந்தோங் வீட்டில் தாத்தாவின் ஸ்பேனர்களுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. விற்பதாக அறிவித்திருக்கிறேன். விலை எழுநூறு ரிங்கிட். கேட்டு அழைப்பவர்களிடம் உங்கள் சிலிண்டரில் எக்ஸோஸ் வாசல் எத்தனை பாகை என்று கேட்கிறேன். இதுவரை இரண்டு பேர் அழைத்தார்கள். இருவருமே, “சத்தம் எப்படி இருக்கும் புரோ?” என்று திருப்பிக் கேட்டார்கள். இன்னும் விற்கவில்லை.