காயலான் கடைக்குப் போடுமுன் ஒரு நாள் பொறுங்கள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம். "கம்ப்யூட்டரை மாற்றச் சொல்றாங்க சார். புதுசில் பழைய சாஃப்ட்வேர் ஓடாதாம். அதனால் மெஷினையும் மாத்தணுமாம்." மருமகனுக்குக் காய்ச்சல் என்றால் மாமனாருக்கு ஊசி போடுவது போலத்தான் இது.

மெஷின் என்று நான் சொல்வது, முதுகில் ஒன்பது ஊசி கனெக்டர் வைத்த கருவிகளை. எடைமேடை இண்டிகேட்டர், ஆய்வகத் தராசு, பழைய சிஎன்சி லேத், ஹாம் ரேடியோ எல்லாம் இந்த ஜாதி. ஆர்எஸ்-232 என்ற இந்த முறை அமெரிக்காவில் 1960-ல் வகுக்கப்பட்டது. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, கிரவுண்ட் ஒரு கம்பி. பெரும்பாலும் இந்த மூன்றே போதும். எழுத்துகள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வேகம் 9600 என்றால் வினாடிக்குச் சுமார் 960 எழுத்து. இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் இந்தக் கருவிகள் இருபது, முப்பது வருடம் உழைக்கின்றன.

என் கருத்து இதுதான்: அப்படிப்பட்ட கருவியைக் காயலான் கடைக்குப் போடுமுன், லினக்ஸில் வைன் போட்டு ஒரு நாள் சோதித்துப் பாருங்கள்.

வைன் என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். 1993-ல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. விண்டோஸ் புரோகிராம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் துபாஷி. விண்டோஸ் லைசென்ஸ் தேவையில்லை.

நண்பர் ஒருவரின் அரிசி ஆலை எடைமேடையை இப்படித்தான் ஓட வைத்தோம். சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். சிடி மட்டும் பீரோவில் பத்திரமாக இருந்தது. யுஎஸ்பி சீரியல் அடாப்டரைச் செருகியதும் லினக்ஸ் அதற்கு டிடிஒய்யுஎஸ்பி0 என்று பெயர் வைத்தது. லினக்ஸைப் பொறுத்தவரை போர்ட்டும் ஒரு கோப்புதான். ஆனால் பழைய சாஃப்ட்வேருக்கு காம் 1 முதல் காம் 4 வரைதான் தெரியும். இன்றைய வைன் தானாகவே ஓர் எண் கொடுக்கிறது. அது பல சமயம் 33 என்று எங்கோ போய் நிற்கும். வைனின் ரெஜிஸ்ட்ரியில் போர்ட்ஸ் என்ற பகுதியில் "காம் 1 என்றால் இந்தக் கோப்பு" என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

சிக்கல் பெரும்பாலும் வைனில் இருக்காது, வாசலில் இருக்கும். டெபியன், உபுண்டு இரண்டிலும் போர்ட்டைத் தொட உங்கள் பெயர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். உபுண்டு 22.04-ல் இன்னொரு வேடிக்கை. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியைத் தேடும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, சிஎச்340 சிப் உள்ள அடாப்டரைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். வீட்டில் யாருக்கும் பிரெய்ல் கருவி இல்லையென்றால் அந்தச் சேவையை நீக்கிவிடலாம். எதற்கும் முதலில் மினிகாம் போன்ற எளிய டெர்மினலில் எடை எண் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தால் கேபிளும் வேகமும் சரி. அதன் பிறகு வைனைத் திறந்தால் போதும்.

எல்லாம் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். யுஎஸ்பி பூட்டு வைத்து, அதற்குத் தனி டிரைவர் கேட்கும் சாஃப்ட்வேர்கள் வைனில் பெரும்பாலும் அடம்பிடிக்கும். டாஸ் காலத்துப் புரோகிராமுக்கு டாஸ்பாக்ஸ்தான் சரி. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட கருவியில் இந்தப் பரிசோதனையே கூடாது.

"தொழிலில் இப்படி ஒட்டுப்போட்டு ஓட்டலாமா? நாளைக்கு நின்றால் யார் பொறுப்பு?" என்று ஆலை மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய கம்ப்யூட்டரை ஒரு மாதம் பக்கத்திலேயே வைத்திருக்கச் சொன்னேன். செய்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம். அரசு முத்திரை வைத்த இண்டிகேட்டரை நாங்கள் தொடவே இல்லை. அது சொல்வதைக் கேட்கும் கம்ப்யூட்டரைத்தான் மாற்றினோம். ஒன்றை யோசியுங்கள்: புது மெஷின், புது சாஃப்ட்வேர் வாங்கினாலும், விற்றவர் கடையை மூடிவிட்டால் அப்போது மட்டும் யார் பொறுப்பு?

ஆகவே புதிதாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை பேசும்போதே, கருவி எந்த வேகத்தில், எந்த வரிசையில் எழுத்துகளை அனுப்புகிறது என்ற விவரத்தை அச்சில் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம்கூட வராது. அது கையில் இருந்தால் நாளைக்கு விண்டோஸ் போனாலும், வைன் போனாலும், உள்ளூர் பாலிடெக்னிக் பையன் ஒருவன் இரண்டு நாளில் புது சாஃப்ட்வேர் எழுதித் தந்துவிடுவான். அதைத் தர மறுக்கிறவரிடம் வாங்கினால், பில் உங்கள் பெயரில் இருந்தாலும் கருவி அவருடையதுதான்.