வெளியேறா நீர்



கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறிக் கடந்து, திருப்புலி நாட்டில் வாழும் சில குடும்பங்களைச் சந்திக்கச் சென்றிருந்தோம். மழை விட்டிருந்த மாலை வேளை. ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, மூதாட்டியார் ஒருவர் கேழ்வரகுக் கூழ் தந்து உபசரித்தார். எட்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய பேரன் தன் பாடநூலில் இருந்த எரிமலைப் படத்தைக் காட்டி, “சாமி, எங்கள் மலையும் ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா? எரிமலை வாயில் நீர் தேங்கி ஏரியாகும் என்று வாத்தியார் சொன்னார். அப்படி ஓர் ஏரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டான்.

“இல்லை, தம்பி. உங்கள் மலை எரிமலை அன்று” என்றோம். கொல்லிமலைப் பாறைகள், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டு உருமாறியவை. அவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். சென்னையில் புனித தோமையார் மலையில் காணப்படும் சார்னோக்கைட் என்னும் பாறையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். இதைக் கேட்ட சிறுவனின் முகம் சற்று வாடிற்று. ஆகவே, எரிமலைப் பாறையில் அமைந்த ஓர் ஏரியை நாம் கண்டுவந்த கதையை அவனுக்குச் சொன்னோம். அதையே இம்மாதம் உங்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

மராட்டிய மாநிலத்தில் புல்தானா மாவட்டத்தில் லோனார் என்றொரு சிற்றூர் உண்டு. முன்பு அவுரங்காபாத் எனப்பட்டு, இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என வழங்கும் நகரிலிருந்து பேருந்தில் அங்குச் சென்றோம். கருப்பு மண் வயல்களைத் தவிர வழியில் வேறொன்றும் தென்படவில்லை. ஊரைக் கடந்து சில அடிகள் வைத்ததும் தரை திடீரென்று முடிந்துவிட்டது. கீழே, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மாபெரும் கிண்ணம். அதன் சரிவெல்லாம் அடர்ந்த காடு. அடியில் பச்சை நிறத்தில் அசையாது கிடக்கும் நீர். நம்மை அழைத்து வந்த வழிகாட்டி பேசுவதை நிறுத்திக்கொண்டார். நாமும் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை.

சரிவில் இறங்குகையில் மயில்கள் அகவின. பாழடைந்த பழங்கோயில்கள் மரங்களின் ஊடே தோன்றின. நீரை நெருங்க நெருங்க அழுகிய முட்டையின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வழிகாட்டி தம் பையிலிருந்து சிறிது மஞ்சள் தூளை எடுத்து ஏரி நீரில் குழைத்தார். அது குங்குமம் போல் சிவந்தது! ஏதோ மாயம் என்று எண்ண வேண்டா. வெள்ளை வேட்டியில் சிந்திய குழம்பின் கறை மீது சோப்புப் பட்டவுடன் அது சிவப்பதை நம் இல்லத்தரசியர் அனைவரும் அறிவர். லோனார் நீரும் சோப்பைப் போலக் காரத்தன்மை மிக்கது, உப்பும் நிறைந்தது.

ஏன் இந்த நிலை? ஏரியைச் சூழ்ந்த சரிவிலே நன்னீர் ஊற்றுகள் சுரக்கின்றன. மழை நீரும் வந்து சேர்கிறது. ஆனால், ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு ஒன்றுகூட இல்லை. வெயில் நீரை மட்டும் ஆவியாக்கி எடுத்துக்கொள்கிறது. நீரில் கரைந்து வந்த உப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அடுப்பில் மறந்துவிட்ட இரசம் சுண்டச் சுண்டக் கரிப்பதைப் போலத்தான் இதுவும். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீர் மிகவும் குறைந்து உப்பு மிகுந்தபோது, உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, ஏரி முழுவதும் இளஞ்சிவப்பு நிறமாயிற்று.

ஏரிக்கரையில் ஒரு கிணறு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்து நீர் உப்பு என்றும், மறுபக்கத்து நீர் இனிப்பு என்றும் அவ்வூரார் கூறுகின்றனர். ‘மாமியார் மருமகள் கிணறு’ என்பது அதன் பெயர். எந்தப் பக்கம் மாமியார், எந்தப் பக்கம் மருமகள் என்று வினவினோம். வழிகாட்டி சிரித்தாரே தவிர விடை பகரவில்லை. நாமும் அதற்கு மேல் எழுதத் துணியவில்லை.

அந்தப் பள்ளம் எவ்வாறு தோன்றியது? ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பினால் ஆனது தக்காணப் பீடபூமி. ஆகவே, இதுவும் எரிமலை வாயே என்று நெடுங்காலம் பலர் நம்பினர். ஆனால், பெரும் மோதலின் அதிர்ச்சியால் மட்டுமே உண்டாகக்கூடிய ஒருவகைக் கண்ணாடிப் பொருள் அங்கு இருப்பதை 1973-இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. வானிலிருந்து விழுந்த கல் குடைந்த பள்ளம் அது! பின்னர் நிகழ்ந்த ஓர் ஆய்வு, அதன் வயது ஏறத்தாழ 5 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள் என்று கணித்தது. இன்று அது வனவிலங்குச் சரணாலயம். 2020 முதல் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்று.

இத்தனை சிறப்பு வாய்ந்த ஏரியில், விளிம்பிலேயே அமைந்துள்ள ஊரின் கழிவு நீர் பல்லாண்டுகள் கலந்து வந்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தலையிட நேர்ந்தது. வெளியேற வழியில்லாத நீரில் மனிதன் எதை இட்டாலும், அதை அடித்துச் செல்ல ஆறு இல்லை.

“அப்படியானால் எரிமலை ஏரி எல்லாமே உப்புத்தானா, சாமி?” என்றான் சிறுவன். அப்படியும் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்னும் எரிமலை வெடித்து, அதன் உச்சி உள்ளே சரிந்து வீழ்ந்தது. அப்பள்ளத்தில் 594 மீட்டர் ஆழமுள்ள ஏரி ஒன்று நிறைந்து நிற்கிறது. அதிலும் ஆறு புகுவதில்லை. ஆறு புறப்படுவதும் இல்லை. ஆயினும், உலகின் மிகத் தெளிந்த நீர்களுள் ஒன்று அது. அங்குச் சேர்வது பனியும் மழையுமே. ஒரு பகுதி நீர் கண்ணுக்குத் தெரியாமல் பாறையின் ஊடே கசிந்து வெளியேறவும் செய்கிறது. 1902-இல் அதனைத் தேசியப் பூங்காவாக்கி, தூய்மை கெடாதபடி காத்து வருகின்றனர்.

இதுவரை வாய் திறவாதிருந்த மூதாட்டியார் அப்போது பேசினார்: “எங்கள் தண்ணீர் நிற்காது, சாமி, ஓடிவிடும். அதனால்தான் வருகிறவர்கள் எல்லாரும் எதையும் போடுகிறார்கள். கீழேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் அல்லவா?”

அருவிக்கு அருகிலுள்ள ஊரில் அவருடைய மகளை மணமுடித்துக் கொடுத்திருக்கிறார். அவ்வீட்டுக் கன்று ஒன்று சென்ற ஆண்டு வயிறு ஊதி இறந்தது. அறுத்துப் பார்த்தபோது, பாலித்தீன் உறைகள் பந்தாகத் திரண்டிருந்தனவாம். அவர் யாரையும் குறை கூறவில்லை. ஆயினும், நம் கையிலிருந்த கூழ் தொண்டையில் இறங்கவில்லை.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் பீடச் சிறுவர்களை ஆகாய கங்கை அருவிக்கு அழைத்துச் சென்றோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, ஏறத்தாழ முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் நீரில் அனைவரும் ஆனந்தமாய்க் குளித்தோம். புளியோதரைப் பொட்டலங்களைப் பாறை மீது பிரித்து உண்டோம். ஏறும் வேளையில் மழை தூறியதால், “சீக்கிரம், சீக்கிரம்” என்று பிள்ளைகளை விரட்டியவர் நாமே. உறைகள் பாறை மீதே கிடந்தன. அவற்றைத் திரும்பிப் பார்த்தோம்; திரும்பிச் செல்லவில்லை. அக்கன்று தின்றது நாம் விட்டு வந்த உறையா என்று யாரறிவார்? அது நம்முடையது அன்று என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் தடை உள்ளது. மலையடிவாரத்தில் வாகனங்களைச் சோதிப்பவர் நம் பையைப் பார்க்கலாம். ஆனால், பாறை மீது எதை விட்டு வருகிறோம் என்பதை நம் பிள்ளைகள்தாம் பார்க்கின்றனர். அன்று அவர்கள் நம்மிடம் கற்ற பாடம் என்ன? தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதே. ஆகாய கங்கையில் விழும் ஐயாறு புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்குகிறது. அடித்துச் செல்லப்பட்டது அழிந்துபோவதில்லை. அடுத்தவர் வாசலுக்குப் போகிறது.

விடைபெறும்போது அந்த மூதாட்டியாரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அடுத்த தடவை வரும்போது தூக்குச்சட்டியில் கொண்டு வாருங்கள், சாமி” என்றார்.

வரும் கோடை விடுமுறையில் பீடச் சிறுவர்களுடன் மீண்டும் ஆகாய கங்கைக்குச் செல்லவிருக்கிறோம். திருப்புலி நாட்டுச் சிறுவனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கட்டுச்சோற்றைத் தூக்குச்சட்டியிலோ வாழையிலையிலோ கொடுத்தனுப்புங்கள். கூடவே, ஆளுக்கொரு பழைய சாக்கும் கொடுத்தனுப்புங்கள். இம்முறை கடைசியாகப் படியேறுபவர் நாமாகவே இருப்போம்.