அளக்க மறந்த அளவையியல்

பயன்பாட்டுப் பொருளாதார அளவையியலில் முனைவர் பட்டம் பெற இன்று ஒருவர் ஒரு வீட்டின் கதவையும் தட்ட வேண்டியதில்லை. பிறர் திரட்டிய தரவைப் பதிவிறக்கி, புதிய உத்தி ஒன்றைப் பொருத்தி, மூன்று கட்டுரைகளாக்கினால் போதும். இதைத் துறையின் முதிர்ச்சி என்கிறார்கள். நான் சரிவு என்கிறேன்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாகரபாவியில் இயங்கும் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை 1972இல் நிறுவியவர், 1908இல் காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவின் தேசிய வருமானம். வேளாண்மைக்கு உற்பத்தி வழியாகவும், வணிகம், சேவை போன்றவற்றுக்கு வருமானம் வழியாகவும் கணக்கிட்டு, 1931-32இல் ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 62 ரூபாய் என்றார். ஒரே முறையைப் பிடிவாதமாகப் பின்பற்றாமல், கிடைக்கும் தரவின் தன்மைக்கேற்ப முறையை வகுத்துக்கொண்டார்.

அந்தப் பழக்கமே அவருடைய கோட்பாட்டுக்கும் வலிமை தந்தது. கெய்ன்ஸின் பெருக்கிக் கோட்பாடு இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்று 1952இல் வாதிட்டார். வீட்டு உழைப்பில் நடக்கும் வேளாண்மையும் மறைமுக வேலையின்மையும் நிறைந்த நாட்டில், செலவு பெருகினால் உற்பத்தி உடனே பெருகாது; விலைதான் ஏறும். ஆசான்களின் கருவியையே கேள்வி கேட்கும் துணிவை நாட்டை அளந்த அனுபவம் தந்தது.

“அது பழைய காலம், இன்று முறைகள் கூர்மையடைந்துவிட்டன” என்பார்கள். சரி, புதிய காலத்துக்கே வருவோம். ‘வேறுபாடுகளின் வேறுபாடு’ முறைக்கு நாம் வகுப்புதோறும் காட்டும் சான்று, டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994இல் வெளியிட்ட குறைந்தபட்சக் கூலி ஆய்வு. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களின் 410 உணவகங்களை, கூலி உயர்வுக்கு முன்னும் பின்னும் அணுகி, தரவை அவர்களே திரட்டினார்கள். சமன்பாட்டை நாம் எடுத்துக்கொண்டோம்; உழைப்பை விட்டுவிட்டோம்.

விட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளைப் பாருங்கள். சமூக அறிவியலில் ஒரு கட்டுரைக்குப் பத்து மதிப்பெண். நூலுக்கும் மதிப்பெண் உண்டு. பிறர் பயன்படுத்தத்தக்க தரவுத்தொகுப்பை உருவாக்கித் தருவதற்கு அந்த அட்டவணையில் தனித் தலைப்பே இல்லை. ராவின் நூலுக்கு மதிப்பெண் கிடைக்கும். அந்நூலை இயலச் செய்த எண்ணும் உழைப்புக்குக் கிடைக்காது.

இதன் விலையை 2019இல் கண்டோம். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு அறிக்கை முடக்கப்பட்டதை எதிர்த்துத் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் அந்த ஜனவரியில் விலகினார்கள். நவம்பரில், 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வெளியிடுவதில்லை என அரசு அறிவித்தது. தரவின் தரம் சரியில்லை என்றார்கள். நம்மில் பலர் கண்டனம் தெரிவித்தோம், அது நியாயமே. ஆனால் அந்தத் தரக் குற்றச்சாட்டைக் களத்தறிவோடு எடைபோட்டுச் சொல்ல நம் துறைகளில் எத்தனை பேர் இருந்தோம்?

ஆய்வு மாணவரிடம் பணமேது, காலமேது என்று கேட்பீர்கள். தேசியக் கணக்கெடுப்பை நடத்தும்படி யாரும் கேட்கவில்லை. பயன்படுத்தும் வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு இருபது வீடுகளுக்குச் செல்லுங்கள். எந்தக் கேள்வி புரியவில்லை, எந்த வருமானம் விடுபடுகிறது என்று பாருங்கள். அதை ஆய்வேட்டில் ஓர் இயலாக எழுதுங்கள். அந்த இயலைக் கட்டாயமாக்குவதும், தரவுத்தொகுப்பைக் கட்டுரைக்கு நிகராக மதிப்பதும் பேராசிரியர்களின் கடமை. இதற்குப் புதிய நிதி வேண்டாம். துறைக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

எண் எப்படிப் பிறந்தது என்று அறியாதவரால், அது மறைக்கப்படும்போது வருந்த முடியும், வாதாட முடியாது.